‘ஆசியர்’ கட்டத்தை டிக் செய்யலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் இருபது ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். குடியுரிமையும் வாங்கிவிட்டோம். மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1540. ஹார்வர்டு, எம்.ஐ.டி., பிரின்ஸ்டன் என்று பட்டியல் வைத்திருக்கிறான். எங்கள் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில், ‘விண்ணப்பத்தில் ஆசியர் என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள், மிருதங்கம், தமிழ்ப் பள்ளி எதையும் எழுதாதீர்கள்’ என்கிறார்கள். அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனைத்தான் (சேர்க்கையில் இனத்தையும் கணக்கில் எடுக்கும் முறை) 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே, அப்புறம் ஏன் ஒளிக்க வேண்டும்?

இன்னொன்று. என் கணவருக்கு வர வேண்டிய டைரக்டர் பதவி ஒரு கறுப்பினப் பெண்ணுக்குப் போய்விட்டது. ‘டைவர்சிட்டிக்காகக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது, வழக்குப் போடலாம்’ என்கிறார்.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒதுக்கீட்டில் பொறியியல் படித்தவர், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. நானும் ஒதுக்கீட்டில்தான் படித்தேன். ‘அங்கே போனதும் உனக்கு அது அநியாயமாத் தெரியுதாம்மா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் இரட்டை வேடம் போடுகிறேனா?

பெயர் வெளியிட வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நான் வேலையிடப் பாகுபாட்டு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். உங்கள் கணவர் விஷயம்தான் நேரடியாக என் துறைக்குள் வருவது. ஆனாலும் அப்பா கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். அதில் தெளிவு வந்தால்தான் மற்ற இரண்டையும் கோபமில்லாமல் பார்க்க முடியும்.

இரட்டை வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் தமிழ்நாட்டில் பார்த்த ஏற்பாடும் அமெரிக்காவில் இருந்த ஏற்பாடும் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் நோக்கம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. நடந்த விதம் முற்றிலும் வேறு.

நம் ஊரில் ஒதுக்கீடு என்றால் சட்டம் போட்டு ஒதுக்கிய இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு இத்தனை, பட்டியல் சாதியினருக்கு இத்தனை என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். தரவரிசைப் பட்டியல் வரும், கட்-ஆஃப் வரும். கவுன்சலிங் முடிந்ததும் யாருக்கு எந்த இடம், எந்த மதிப்பெண்ணில் கிடைத்தது என்று எல்லோரும் பார்க்கலாம். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சாதி, மத வாரியாக இடங்களைப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழகத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதிவைத்தது. தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல், நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்க வைத்த ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. ஆக, இந்தியாவில் ஒதுக்கீட்டுக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. பழைய அநீதியைச் சரிசெய்யத்தான் இது என்று வெளிப்படையாகச் சொல்லவும் முடிகிறது.

அமெரிக்காவில் அப்படி எந்தத் திருத்தமும் வரவில்லை. 1961 மார்ச்சில் அதிபர் கென்னடி போட்ட ஓர் ஆணையில்தான் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் என்ற சொல் இந்தப் பொருளில் வந்தது. அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் இனம், நிறம், மதம், பூர்வீகம் பார்க்காமல் ஆள் எடுக்க வேண்டும், அதற்கு வேண்டிய நடவடிக்கைகளை அவர்களே முன்வந்து எடுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் 11246-ஆம் எண் ஆணையைப் போட்டு இதை மேலும் இறுக்கினார். கல்லூரிகள் அறுபதுகளின் பிற்பகுதியில் தாமாகவே கறுப்பின மாணவர்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தன.

அப்புறம் 1978-இல் பாக்கி வழக்கு. கலிஃபோர்னியாவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கென்று தனியாக வைத்திருந்தது. அப்படி எண்ணிக்கை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அதாவது நாம் ஒதுக்கீடு என்று சொல்கிறோமே, அது அமெரிக்கக் கல்லூரிகளில் 1978-லிருந்தே கிடையாது. ‘அவர்களுக்குக் கோட்டா இருக்கிறது’ என்று உங்கள் குழுவில் யாராவது எழுதினால் அது உண்மையில்லை. பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் கவனிக்கலாம் என்பது மட்டும்தான் மிஞ்சியது. அதற்கும் நீதிபதி பவல் ஏற்றுக்கொண்ட காரணம், பலவகை மாணவர்கள் சேர்ந்து படித்தால் எல்லோருக்கும் நல்லது என்பது. இரண்டரை நூற்றாண்டு அடிமைத்தனம், அதன் பிறகு தனிப்பள்ளி, தனி ரயில்பெட்டி, வீட்டுக் கடன் மறுப்பு, இவற்றுக்கெல்லாம் சமூகம் செய்யும் பரிகாரம் என்று சொல்ல அனுமதி இல்லாமல் போய்விட்டது.

அமெரிக்க ஏற்பாடு பலவீனப்பட்டது அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். சொல்ல வேண்டிய காரணத்தைச் சொல்ல முடியாமல் போனதும், ‘அவனுக்கு ஏன், என் பிள்ளைக்கு ஏன் இல்லை’ என்று ஒரு ஆசியப் பெற்றோர் கேட்டால் கல்லூரிகளிடம் நேர்மையான பதில் இல்லை. எல்லாம் மூடிய அறைக்குள் நடந்தது. கட்-ஆஃப் பார்த்துப் பழகிய நமக்கு அது இன்னும் சந்தேகமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. உங்கள் கோபத்தில் பாதி இந்த ஒளிவுமறைவின் மேல் வந்த கோபம். அந்தப் பாதியில் நியாயம் இருக்கிறது.

மற்றப் பாதிக்கு வருகிறேன். அதைத்தான் உங்கள் அப்பா தொட்டுவிட்டார்.

1923-இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று இதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் கதவைக் கொஞ்சம் திறந்து, ஆண்டுக்கு 100 இந்தியர்கள் வரலாம் என்றார்கள். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வர வழி செய்தது 1965 அக்டோபரில் கையெழுத்தான குடிவரவுச் சட்டம். எந்த நாட்டில் பிறந்தவர் என்று பார்த்து ஆளை ஒதுக்கும் முறையை அது ஒழித்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிவில் உரிமைச் சட்டம், இரண்டு மாதம் முன்புதான் வாக்குரிமைச் சட்டம். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் கறுப்பின மக்கள் அடிபட்டும் உயிரைக் கொடுத்தும் உண்டாக்கிய அழுத்தத்தில்தான் நாடே அப்படி மாறியது. நீங்களும் நானும் இங்கே இருப்பதற்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம். இது மரியாதைக்குச் சொல்வதில்லை, வரலாறு.

அந்த ‘ஆசியர்’ கட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். நம்மவர்களின் அமைப்புகள்தான் அரசிடம் போய், எங்களுக்கும் பாகுபாடு நடக்கிறது, எங்களைத் தனியாக எண்ணுங்கள் என்று கேட்டுப் போராடின. 1980 கணக்கெடுப்பில் ‘ஆசிய இந்தியர்’ என்று தனிக் கட்டம் வந்தது அப்படித்தான். இன்று ஒளிக்கச் சொல்லும் அடையாளத்தை எழுபதுகளில் வந்த நம் முன்னோடிகள் கேட்டு வாங்கினார்கள்.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு ஒதுக்கீட்டில் ஒரு இடம் கிடைத்தது. அதனால் உங்கள் வீட்டில் புத்தகம் வந்தது, நீங்கள் படித்தீர்கள், விசா கிடைத்தது, நல்ல பள்ளிக்கூடம் உள்ள ஊராகப் பார்த்து வீடு வாங்கினீர்கள். மூன்று தலைமுறையில் உங்கள் மகன் 1540 எடுத்திருக்கிறான். அவன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் இருக்கக்கூடிய நேவார்க்கில், 1930களில் அரசு வரைந்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு சிவப்பு வண்ணம் அடித்து, வீட்டுக் கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று முத்திரை குத்தினார்கள். கடன் இல்லை, அதனால் சொந்த வீடு இல்லை, பிள்ளைகளுக்கு விட்டுப்போகச் சொத்தும் இல்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கான பணத்தில் கணிசமான பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த அந்த முதல் இடம் அங்கே பல குடும்பங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அவர் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அப்பாவிடம் நீங்கள் தயங்காமல் இப்படிச் சொல்லலாம்: ‘பின்தங்கியவர்களுக்குக் கைகொடுப்பது சரிதான் அப்பா. இங்கே அதைச் செய்த விதத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தவறு நடந்தது. அந்தத் தவறைச் செய்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகள் இல்லை.’ இதில் எந்த வேடமும் இல்லை. கடைசி வாக்கியத்தை நீங்கள் மனதார நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஏன் நம்பலாம் என்று மகன் விஷயத்தில் சொல்கிறேன்.

ஹார்வர்டு மேல் 2014-இல் வழக்குப் போட்டது ‘ஸ்டூடன்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ்’ என்ற அமைப்பு. அதை நடத்தியவர் எட்வர்டு பிளம். இதே பிரச்சினையில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த ஃபிஷர் வழக்கின் பின்னாலும் இருந்தவர் அவர்தான். அந்த வழக்கு தோற்ற பிறகும் விடாமல் முயன்று, ஆசிய மாணவர்களை முன்னிறுத்தி 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். விசாரணையில் ஒரு உண்மை வெளியே வந்தது. ஹார்வர்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, விளையாட்டு, பிற ஈடுபாடுகள் தவிர ‘பெர்சனல் ரேட்டிங்’ என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். நல்ல குணம், துணிவு, பழகும் தன்மை போன்றவற்றுக்கு. ஆசிய மாணவர்களுக்குப் படிப்பில் கூடுதலாகவும், இந்தக் குண மதிப்பெண்ணில் சராசரியாகக் குறைவாகவும் வந்திருந்தது. நேரில் பேட்டி கண்ட பழைய மாணவர்கள் ஆசியப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் நேரில் பார்க்காமல் காகிதத்தை மட்டும் படித்த அலுவலகத்தில்தான் குறைந்தது. திட்டமிட்ட பாகுபாடு இல்லை என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் திருப்தி இல்லை. நம் பிள்ளைகளை ‘படிக்கிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது’ என்று பார்க்கும் ஒரு பழக்கம் அங்கே இருந்தது. அது தவறு.

இந்தப் பழக்கத்துக்கு வேர் எங்கே என்று பாருங்கள். 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள், 15 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்றார். ஆசிரியர் குழு ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பிறகு, 1926 வாக்கில், குணநலன் பார்ப்போம், புகைப்படம் கேட்போம் என்று சேர்க்கை முறையை மாற்றினார்கள். யூதர் எண்ணிக்கை இறங்கியது. மதிப்பெண்ணால் தள்ளிவிட முடியாதவர்களைக் ‘குணம்’ சொல்லித் தள்ளிவிடும் வழி அப்போது பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரிகிறது.

அதே விசாரணையில் வந்த புள்ளிவிவரத்தை வைத்து, வாதி தரப்புப் பொருளாதார அறிஞர் ஒருவர் வேறு இருவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார். ஹார்வர்டில் சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் அதிகமானோர் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்கள் போன்றோருக்காக டீன் வைத்திருக்கும் தனிப் பட்டியலில் இருந்தவர்கள், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையில் ஒன்றில் வருபவர்கள். கறுப்பின, லத்தீன், ஆசிய மாணவர்களில் இந்த வகை 16 சதவீதத்துக்கும் குறைவு. அந்த வெள்ளை மாணவர்களில் நான்கில் மூன்று பேர் இந்தச் சலுகை இல்லாவிட்டால் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இந்த எண் எத்தனை முறை வந்தது? இதைப் பற்றி யாரும் கொதிப்பதை நான் பார்க்கவில்லை. தாத்தா படித்த கல்லூரி என்பதற்காக ஒரு பிள்ளைக்கு இடம் கொடுப்பதை விடவா, தாத்தாவுக்குக் கல்லூரியே மறுக்கப்பட்ட பிள்ளைக்கு இடம் கொடுப்பது அநியாயம்? 2023 தீர்ப்பு இரண்டாவதை நிறுத்தியது. முதலாவதைத் தொடவில்லை. மேரிலாந்து, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் 2024-இல் சட்டம் போட்டுத் தடுத்தன. எம்.ஐ.டி. லெகசி, அதாவது பழைய மாணவரின் பிள்ளையா என்று, பார்ப்பதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தானாகவே நிறுத்தியது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இன்னும் வைத்திருக்கின்றன.

சரி, தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? 2023 ஜூன் 29-இல் தீர்ப்பு. அதன்பின் வந்த முதல் சேர்க்கையில் எம்.ஐ.டி.யில் ஆசிய மாணவர் பங்கு சுமார் 40-லிருந்து 47 சதவீதமாக ஏறியது. கறுப்பின மாணவர் பங்கு 13-லிருந்து 5 ஆனது. ஹார்வர்டில் ஆசியர் 37 சதவீதத்திலேயே நின்றது. யேலில் 30-லிருந்து 24-க்கும், பிரின்ஸ்டனில் 26-லிருந்து 23.8-க்கும் இறங்கியது. இறங்கியதற்கு ஒரு காரணம் கண்முன்னே இருக்கிறது: பிரின்ஸ்டனில் இனம் சொல்லாமல் விட்டவர்கள் 1.8-லிருந்து 7.7 சதவீதம் ஆனார்கள், ஹார்வர்டில் 4-லிருந்து 8. உங்கள் குழுவினர் சொன்னதைப் பலர் செய்திருக்கிறார்கள் போல. எப்படிப் பார்த்தாலும், ‘அதை எடுத்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வழி திறந்துவிடும்’ என்று சொன்னது எல்லா இடத்திலும் நடக்கவில்லை. அந்த ஆண்டு ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54 ஆயிரம் பேர். இடம் கிடைத்தது 2 ஆயிரத்துக்கும் குறைவானவர்களுக்கு. 1540-க்கு மேல் எடுத்த பிள்ளைகளை மட்டும் வைத்தே அந்த வகுப்பைப் பலமுறை நிரப்பலாம். இது பிள்ளையின் தகுதியைப் பற்றிய தீர்ப்பில்லை என்பதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள், முடிவு வந்த பிறகு சொன்னால் ஆறுதல் மாதிரி இருக்கும்.

இனி கட்டம். டிக் செய்யச் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் இப்போது அந்தக் கட்டத்தின் தகவலைக் கல்லூரி மறைத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் அது படாதபடி பல கல்லூரிகள் மறைத்துவிடுகின்றன. அதை வைத்து இனி முடிவெடுப்பது சட்டவிரோதம். விட்டுவிட்டாலும் தவறில்லை, அது விருப்பக் கேள்விதான். ஆனால் விட்டுவிடுவதால் எதுவும் மறையாது. அதே விண்ணப்பத்தில் அவன் பெயர் இருக்கிறது, உங்கள் இருவர் பெயர், நீங்கள் படித்த கல்லூரியின் பெயர், வீட்டில் பேசும் மொழி எல்லாம் இருக்கின்றன. வேறு இனம் என்று மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். சொன்னதெல்லாம் உண்மை என்று கடைசியில் அவன் கையெழுத்துப் போடுகிறான். பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் இடத்தை ரத்து செய்வார்கள்.

மிருதங்கம் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். பத்து வருடம் வாசித்த பிள்ளையிடம் ‘அதை எழுதாதே’ என்று சொன்னால், அவன் காதில் விழுவது ‘நீ இருக்கும் விதத்தில் ஏதோ குறை இருக்கிறது’ என்பதுதான். பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லக் கூடாது. காரியக் கணக்காகப் பார்த்தாலும் அது நஷ்டம். மிருதங்கத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன போடுவீர்கள்? யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு ‘தொண்டு அமைப்பு’. அதைத்தான் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள்.

விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை (எஸ்ஸே) பற்றித் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்பிலேயே ஒரு வழி விட்டிருக்கிறார். இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு மாணவர் எழுதினால், அதைக் கல்லூரி கவனிக்கலாம். ஆனால் அது அந்தத் தனி மனிதரின் துணிவு, உறுதி, திறமை இவற்றோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், இனத்துக்கு மறைமுக மதிப்பெண்ணாக ஆகக் கூடாது என்றார். ஆகவே அவன் ‘நான் தமிழன், எங்கள் பண்பாடு பழமையானது’ என்று எழுதினால் பயனில்லை. தனி ஆவர்த்தனத்தில் தாளக் கணக்குத் தப்பிய ஒரு கச்சேரியையும் அப்போது அவன் என்ன செய்தான் என்பதையும் எழுதினால் அதில் அவன் இருப்பான். தாத்தா பற்றி எழுதலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஒதுக்கீட்டில் வந்த ஒரு இடம் மூன்று தலைமுறையில் என்ன செய்தது என்று அமெரிக்காவில் வளரும் பேரன் யோசித்து எழுதினால், அதைப் படிக்கும் அதிகாரிக்கு அது புதிது. அவனுக்கே ஆர்வம் இருந்தால் மட்டும். தாத்தாவிடம் அவனே போன் செய்து கேட்கட்டும், நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். பட்டியலில் ரட்கர்ஸ் மாதிரி நல்ல மாநிலப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெறும் ‘பாதுகாப்புக்கு’ என்ற எண்ணத்தோடு இல்லாமல்.

இப்போது உங்கள் கணவர். முதலில், 2023 தீர்ப்பு வேலைக்குப் பொருந்தாது. அது கல்லூரிச் சேர்க்கை பற்றியது. வேலைக்கான சட்டம் 1964-இன் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாவது தலைப்பு. இனத்தைக் காரணமாக வைத்து வேலையோ பதவி உயர்வோ கொடுப்பதும் மறுப்பதும் அன்றிலிருந்தே சட்டவிரோதம்தான். விதிவிலக்கு மிகக் குறுகியது: ஒரு வேலையில் நெடுங்காலமாக ஒரு பிரிவினரை அண்டவிடாமல் வைத்திருந்தால், அதைச் சரிசெய்யத் தற்காலிகத் திட்டம் வைக்கலாம் என்று 1979-லும் 1987-லும் இரு தீர்ப்புகள் சொன்னன. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ரத்து செய்தது ஜான்சனின் 11246 ஆணையை. அது அரசு ஒப்பந்ததாரர்களுக்கானது. கணவர் கேள்விப்பட்ட இன்னொரு மாற்றம் 2025 ஜூனில் வந்த ஏம்ஸ் வழக்காக இருக்கும். பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டால் கூடுதல் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சில நீதிமன்றங்கள் வைத்திருந்த விதியை, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நீக்கினார்கள். எழுதியவர் நீதிபதி ஜாக்சன், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண். இந்த விதியால் உங்கள் கணவருக்குத் தடை எதுவும் முன்பும் இருந்ததில்லை. அவர் சிறுபான்மையினர்.

ஆகவே சட்டம் அவருக்காகப் புதிதாக மாறவில்லை. கேள்வி ஒன்றுதான்: ஆதாரம் என்ன? அந்தப் பெண் கறுப்பினத்தவர் என்பது ஆதாரம் இல்லை. அவர் பதவிக்கு வந்ததற்கு இனம்தான் காரணம் என்று நினைப்பதே, அவரிடம் தகுதி இருந்திருக்காது என்று முன்பே முடிவுகட்டுவது. ஹார்வர்டு அலுவலகம் நம் பிள்ளைகளின் குணத்தைக் காகிதத்தில் முடிவுகட்டியதும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ரான்டும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5 ஆயிரம் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுபோல, பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் வைத்த விண்ணப்பங்களுக்குக் கறுப்பினப் பெயர் வைத்தவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. அந்தப் பெண் இவ்வளவையும் கடந்துதான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பார்.

அதே நேரம் உங்கள் கணவரின் மனக்குறையை நான் தள்ளிவிடவில்லை. இங்கே தொழில்நுட்ப நிறுவனங்களில் பொறியாளர் மட்டத்தில் ஆசியர்கள் நிறையப் பேர், மேல்மட்டத்துக்குப் போகப் போகக் குறைந்துவிடுகிறார்கள். ‘வேலையில் கெட்டி, தலைமைக்கு ஆகாது’ என்ற எண்ணம் அங்கேயும் இருக்கிறது. அவருக்கு நடந்தது அதுவாக இருந்தால் அது வழக்காகக்கூடும். அப்போது கேட்க வேண்டியது வேறு: கடந்த ஐந்து ஆண்டுகளில் டைரக்டர் ஆனவர்கள் யார் யார்? தேர்வுக்கு என்ன அளவுகோல் வைத்தார்கள், நடுவில் மாற்றினார்களா? ‘உச்சரிப்பு’, ‘பிரசென்ஸ் போதவில்லை’ என்று யாராவது சொன்னார்களா? ‘இந்த முறை இந்த இனத்தவருக்குத்தான்’ என்று மேலாளர் மெயிலிலோ கூட்டத்திலோ சொல்லியிருந்தால், அதுவும் நல்ல ஆதாரம்தான்.

அவர் இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏன் தேர்வாகவில்லை, அடுத்த முறைக்கு என்ன தேவை என்று மேலாளரிடமும் ஹெச்.ஆர்.-இடமும் மரியாதையாக மெயிலில் கேட்கட்டும். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று தேதியோடு வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அலுவலக ஆவணங்களைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பவே கூடாது, அதையே காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி அலுவலகத்தில் யாரிடமும் ‘டைவர்சிட்டி ஆள்’ என்று சொல்லக் கூடாது. அது அவருக்குச் செய்யும் அநியாயம், தவிர அந்தப் பெண் புகார் கொடுத்தால் உங்கள் கணவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் வந்த பிறகும் சந்தேகம் நீடித்தால், பணியாளர் தரப்பு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை நியூ ஜெர்சியிலேயே பாருங்கள், முதல் ஆலோசனைக்குப் பலர் கட்டணம் வாங்குவதில்லை. புகார் கொடுத்ததற்காக நிறுவனம் பழிவாங்கினால் அதுவே தனியாக ஒரு சட்டமீறல். கெடு மூன்று இருக்கிறது: நியூ ஜெர்சியின் சிவில் உரிமைப் பிரிவில் 180 நாட்கள், மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 300 நாட்கள், மாநிலச் சட்டப்படி நேரடியாக நீதிமன்றம் போக 2 ஆண்டுகள். பதவி வேறொருவருக்குப் போனது என்று அவருக்குத் தெரியவந்த தேதியிலிருந்து கணக்கு ஓடுகிறது. கடிதத்தில் நீங்கள் அந்தத் தேதியை எழுதவில்லை, அதனால் இன்றைக்கே பார்த்துக் குறித்துவிடுங்கள்.